பேக்கப் சர்வர் எந்தப் பெட்டிக்குள்ள இருக்கு?

போன ஆகஸ்ட் மாசம், ஒரு திங்கட்கிழமை காலை. நாவலூர் ஜங்ஷன்ல டீ குடிச்சிட்டு ஷேர் ஆட்டோவுக்கு நின்னுட்டு இருந்தேன். லேப் அண்ணன் போன் பண்ணினார். "தம்பி, அந்தப் பெரிய சர்வர் பீப் பீப்னு கத்திக்கிட்டே இருக்கு, நீ வந்து பாரு." ஏதோ யு.பி.எஸ். பிரச்சினைன்னு நினைச்சு நிதானமாத்தான் போனேன்.

போய்ப் பார்த்தா நாலு டிஸ்க்ல ரெண்டுல ஆரஞ்சு விளக்கு.

கதை தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். எங்க துறை லேப்ல இருந்த ஒரே பெரிய மெஷின் அது. அதுமேல ஒரு ஹைப்பர்வைசர், அதுக்குள்ள ஒன்பது வெர்ச்சுவல் மெஷின். ப்ராஜெக்ட் கோடு வைக்கிறது ஒண்ணு, சென்சார் டேட்டா சேர்க்கிறது ஒண்ணு, துறையோட விக்கி ஒண்ணு, இந்த மின்னிதழோட பழைய இதழ்கள் இருந்தது ஒண்ணு, இப்படி. ஒன்பதாவதா இருந்ததுதான் பேக்கப் சர்வர். மத்த எட்டையும் தினம் ராத்திரி 2 மணிக்கு நகல் எடுத்துத் தன்கிட்ட வெச்சுக்கும். அந்த நகல்கள் எங்கே இருந்தது? அதே நாலு டிஸ்க்ல.

அந்த ஒன்பதாவது வி.எம்-ஐ உருவாக்கினது நான்தான். மூணாம் வருஷம் படிக்கும்போது, லேப் சர்வரைப் பார்த்துக்கிற மாணவர் குழுவுல சேர்ந்த புதுசுல, ரொம்பப் பெருமையா செஞ்சேன். "தனி மெஷின் வாங்கணுமா?"ன்னு எச்.ஓ.டி. சார் கேட்டப்ப, "வேண்டாம் சார், இந்தக் காலத்துல எல்லாமே வெர்ச்சுவல்தான், அஞ்சு பைசா செலவில்லாம முடிச்சிடலாம்"னு சொன்னதும் நான்தான். அதனால இந்தக் கட்டுரையை யாரையோ குறை சொல்ற கட்டுரையா படிக்காதீங்க.

நாலு டிஸ்க்கும் ரெய்டு 5-ல இருந்தது. (வருமான வரித்துறை ரெய்டு இல்ல. பல டிஸ்க்கைச் சேர்த்து ஒண்ணு மாதிரி காட்டுற ஏற்பாடு.) ரெய்டு 5-ல ஒரு டிஸ்க் செத்தா தாங்கும். மத்த மூணுல இருக்கிறதை வெச்சுப் போனதைக் கணக்குப் போட்டு எடுத்துடும். ரெண்டாவதும் செத்தா அவ்வளவுதான். கன்ட்ரோலர் லாக்கைப் பார்த்தா, முதல் டிஸ்க் ஜூன் மாசமே போயிருக்கு. ரெண்டு மாசமா ஆரஞ்சு விளக்கு எரிஞ்சிருக்கு. லீவு, இன்டர்ன்ஷிப், அரியர் எக்ஸாம்னு யாரும் அந்த ரேக் பக்கம் போகலை. ஞாயிறு ராத்திரி ரெண்டாவதும் போச்சு.

தினம் காலைல எனக்கு "பேக்கப் வெற்றி"ன்னு ஒரு மெயில் வரும். அன்னைக்கு வரலை. வரலைங்கறதை நான் கவனிக்கவே இல்ல. வந்த மெயிலையே நாம ஒழுங்கா படிக்கிறது இல்ல, வராத மெயிலை யார் தேடுவாங்க?

என்ன போச்சுன்னு ஒரு விஷயம் மட்டும் சொல்றேன். எம்.இ. படிக்கிற ஒரு அக்கா முட்டுக்காடு கழிமுகத்துல சென்சார் வெச்சு, தண்ணியோட உப்புத்தன்மையை ஏழு மாசமா அளந்துட்டு இருந்தாங்க. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துத் தண்ணி ஒக்கியம் மடுவு வழியா பக்கிங்காம் கால்வாய்க்கு வந்து, கடைசியில கோவளம் முகத்துவாரத்துல கடல்ல சேருது இல்லையா, அந்த இடம். கடல் தண்ணி உள்ளே ஏறுறதும் ஏரித் தண்ணி வெளியே போறதும் மாசத்துக்கு மாசம் எப்படி மாறுதுன்னு பார்க்கிறதுதான் அவங்க ப்ராஜெக்ட். ஏப்ரல் வரைக்கும் அவங்க லேப்டாப்ல ஒரு காப்பி இருந்தது. மே, ஜூன், ஜூலை, ஆகஸ்ட் இல்ல. கோடு போனா திரும்ப எழுதலாம். போன மே மாசத்துத் தண்ணியைத் திரும்ப அளக்க முடியாது. அவங்க என்கிட்ட "பரவால்லடா"ன்னு மட்டும்தான் சொன்னாங்க. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

இப்ப துறையில மறுபடியும் அதே கேள்வி வந்திருக்கு. புது சர்வருக்கு அனுமதி கிடைச்சிருக்கு. பேக்கப்புக்குத் தனியா ஒரு பெட்டி வாங்கணுமா, இல்ல புது சர்வருக்குள்ளயே இன்னொரு வி.எம். போட்டா போதுமா? மீட்டிங் அடுத்த வாரம். என் கருத்து என்னன்னு இங்கேயே எழுதிடறேன், மீட்டிங்ல எனக்குப் பேச்சு தடுமாறும்.

முதல்ல, வெர்ச்சுவல் பக்கம் இருக்கிற நியாயத்தைச் சொல்லிடணும். அது முட்டாள்தனமான யோசனை இல்ல. நான் இன்டர்ன்ஷிப் பண்ணின ஆபீஸ்ல பேக்கப் சர்வர் வெர்ச்சுவல்தான், அருமையா ஓடுது. அப்டேட் போடுறதுக்கு முன்னாடி ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துக்கலாம், சொதப்பினா ரெண்டு நிமிஷத்துல பழைய நிலைக்குப் போயிடலாம். ஒரு ஹோஸ்ட் போனா அதே வி.எம்-ஐ இன்னொரு ஹோஸ்ட்ல எழுப்பிடலாம். தனிப் பெட்டின்னா மதர்போர்டு போச்சுன்னா வாரண்டிக்காரர் வர்ற வரைக்கும் காத்துக்கிடக்கணும். கரண்ட், ஏ.சி., ரேக்ல இடம், எல்லாமே கூடுதல் செலவு.

ஆனா அந்த ஆபீஸ்ல ஒரு விஷயம் இருக்கு, எங்க லேப்ல இல்லாதது. அங்கே பேக்கப் வேலையைச் செய்யிற சாப்ட்வேர்தான் வி.எம்-ல ஓடுது. எடுத்த நகல்கள் போய் உட்காருற டிஸ்க் வேற பெட்டியில, வேற அறையில இருக்கு. அதோட இன்னொரு காப்பி வேற ஊர்ல.

நாம எல்லாரும் குழப்பிக்கிறது இங்கேதான். "பேக்கப் சர்வர்"னு ஒரே பேர்ல ரெண்டு பொருளைச் சொல்றோம். ஒண்ணு, எப்ப எதை நகல் எடுக்கணும்னு முடிவு பண்ணி, எது எங்கே இருக்குன்னு கணக்கு வெச்சிருக்கிற மென்பொருள். இன்னொண்ணு, அந்த நகல்கள் தூங்குற டிஸ்க். முதலாவது வெர்ச்சுவலா இருந்தா பெரிய ஆபத்து இல்ல, போனாலும் திரும்ப இன்ஸ்டால் பண்ணி, நகல்கள் இருக்கிற டிஸ்க்கைக் காட்டினா படிச்சுக்கும். ரெண்டாவது, யாருக்குப் பாதுகாப்பா இருக்கணுமோ அவங்களோட டிஸ்க்லயே இருந்தா அது பேக்கப்பே இல்ல. டைரக்டரி பேர்தான் வேற.

எங்க வீட்டுல தாத்தா காலத்து இரும்பு பீரோ ஒண்ணு இருக்கு. வீட்டுப் பத்திரம் அதுல இருக்கு. பத்திரத்தோட ஜெராக்ஸ் எங்கே இருக்குன்னு அம்மாகிட்ட கேட்டேன். "அதே பீரோவுலதான், ஒரே கவர்ல பத்திரமா இருக்கு"ன்னாங்க. சிரிச்சேன். அப்புறம் நான் உருவாக்கின வி.எம். ஞாபகம் வந்து வாயை மூடிக்கிட்டேன்.

2015 டிசம்பர் வெள்ளத்தப்ப நான் ஆறாம் வகுப்பு. ஸ்கூல் லீவுங்கறதுதான் எனக்குப் பெரிய செய்தி. ஆனா தண்ணி புகுந்த வீடுகள்ல நனைஞ்சு கூழாப் போனதுல முக்கியமானது பத்திரங்களும் சான்றிதழ்களும். ரேஷன் கார்டு, பட்டா, மார்க் ஷீட், கேஸ் புக். அந்த மாசமே அரசு சிறப்பு முகாம்கள் போட்டு நகல் சான்றிதழ் கொடுத்தது. எப்படிக் கொடுக்க முடிஞ்சது? சார்பதிவாளர் அலுவலகத்துல, தேர்வுத் துறையில, தாலுகா ஆபீஸ்ல ஒரு பதிவு தனியா இருந்ததால. யாரோ ஒருத்தர் எப்பவோ, கம்ப்யூட்டர் எல்லாம் வர்றதுக்கு முன்னாடியே, ஜனங்க கையில ஒண்ணு, ஆபீஸ்ல ஒண்ணுன்னு ஏற்பாடு பண்ணி வெச்சிருக்காங்க. கிளார்க் வேலைன்னு நாம கிண்டல் பண்றோம். நம்ம லேப்பைவிட நல்ல டிசைன் அது.

சரி, அப்ப தனிப் பெட்டி வாங்கிட்டா போதுமான்னு கேட்டா, அதுவும் போதாது. அதே வெள்ளத்துல நம்ம பக்கத்துலயே ஒரு உதாரணம் இருக்கு. 2015 டிசம்பர் 2-ஆம் தேதி 'தி இந்து' ஆங்கில நாளிதழ் சென்னையில அச்சாகலை. 1878-ல ஆரம்பிச்ச பத்திரிகை, இயற்கைச் சீற்றத்தால வராம போனது அதுதான் முதல் தடவைன்னு சொன்னாங்க. காரணம் என்ன தெரியுமா? அச்சகம் மறைமலை நகர்ல இருந்தது, அதாவது இன்னைக்குச் செங்கல்பட்டு மாவட்டம். ஆட்களால அங்கே போய்ச் சேர முடியலை. ரோடு இல்ல. மெஷின் இருந்தும், கைக்கு எட்டலைன்னா இல்லாத மாதிரிதான். நம்ம ஓ.எம்.ஆர். பக்கம் மிக்ஜாம் வந்த 2023 டிசம்பர்ல ஹாஸ்டல்ல இருந்தவங்களுக்கு இது நல்லாவே புரியும். கரண்ட் இல்ல, நெட்வொர்க் இல்ல, தாழம்பூர் ரோட்டுல முழங்கால் தண்ணி. அந்த நேரத்துல லேப்ல ஒரு பெட்டி பத்திரமா இருந்தா யாருக்கு என்ன லாபம்?

அதே பில்டிங்ல வெச்சா என்ன ஆகும்னு பிரான்ஸ்காரங்க ஒரு பாடம் படிச்சிருக்காங்க. 2021 மார்ச் 10-ஆம் தேதி ஸ்ட்ராஸ்பர்க்ல ஓ.வி.ஹெச். நிறுவனத்தோட டேட்டா சென்டர்ல தீப்பிடிச்சு, அஞ்சு மாடிக் கட்டடம் ஒண்ணு முழுசா எரிஞ்சுபோச்சு. பணம் கட்டி பேக்கப் வாங்கியிருந்த வாடிக்கையாளர் ஒருத்தரோட நகலும் அதே கட்டடத்துலதான் இருந்திருக்கு. வழக்கு போட்டாங்க, 2023-ல நீதிமன்றம் நஷ்டஈடு கொடுக்கச் சொல்லிடுச்சு. எங்க சர்வர் செத்து ஒரு மாசம்தான் ஆச்சு, 2025 செப்டம்பர் 26, தென்கொரியாவுல டேஜான் நகர அரசு டேட்டா சென்டர்ல பேட்டரி தீப்பிடிச்சது. அரசு ஊழியர்கள் பைல் சேமிக்கிற 'ஜி-டிரைவ்' முழுசா போச்சு, 858 டெராபைட். அளவு ரொம்பப் பெருசுங்கறதால வெளியே பேக்கப் வைக்கலைன்னு சொன்னாங்க. அந்தச் செய்தியைப் படிச்சப்ப என் மனசுல முதல்ல வந்தது, சொன்னா கேவலம், ஒரு நிம்மதி. கொரிய அரசாங்கமே கோட்டை விட்டிருக்கு, நான் என்ன பெரிய ஆளு. அஞ்சு நிமிஷம்தான் அந்த நிம்மதி. அப்புறம் அந்த அக்காவை கேன்டீன்ல பார்த்தேன்.

இதுவரைக்கும் தீ, தண்ணி, டிஸ்க். என்னைக் கேட்டா, இன்னைய தேதிக்குப் பெரிய பயம் அது எதுவும் இல்ல. ரான்சம்வேர்தான். 2022 நவம்பர் 23-ஆம் தேதி டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியில சர்வர்கள் பூட்டப்பட்டது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அஞ்சு சர்வர், சுமார் 1.3 டெராபைட் டேட்டா பாதிக்கப்பட்டதுன்னு நாடாளுமன்றத்துல பதில் கொடுத்தாங்க. ஓ.பி. சீட்டுல இருந்து ரிப்போர்ட் வரைக்கும் நாள்கணக்கா கையால எழுதினாங்க. கடைசியில எப்படி மீண்டாங்க? தாக்குதல்ல சிக்காத ஒரு பேக்கப் சர்வர்ல இருந்து இ-ஹாஸ்பிடல் டேட்டாவை எடுத்துப் புது சர்வர்கள்ல ஏத்தினாங்க. 'தாக்குதல்ல சிக்காத'ங்கற ரெண்டு வார்த்தையை மட்டும் அடிக்கோடு போட்டுக்கோங்க.

ஏன்னா, அடுத்த வருஷமே 2023 பிப்ரவரியில இ.எஸ்.எக்ஸ்.ஐ. ஆர்க்ஸ்னு ஒண்ணு வந்தது. அது விண்டோஸ் மெஷினைத் தேடலை. நேரா வி.எம்.வேர் ஹைப்பர்வைசருக்குள்ள போய், வெர்ச்சுவல் மெஷின்களோட பைல்களையே பூட்டிச்சு. அது நுழைஞ்ச ஓட்டைக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே, 2021 பிப்ரவரியிலேயே, பேட்ச் வந்திருந்தது. போடாதவங்க மாட்டிக்கிட்டாங்க. நான் கட்டின அமைப்புல இது வந்திருந்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. அந்த ஒன்பதாவது வி.எம்-க்கு நான் எவ்வளவு பெரிய பாஸ்வேர்டு வெச்சிருந்தாலும் பிரயோஜனமே இல்ல. வீட்டுக்குள்ள ஒரு ரூமுக்கு மட்டும் பெரிய பூட்டு போட்டுட்டு, வந்தவன் வீட்டையே தூக்கிட்டுப் போன கதைதான். ஹைப்பர்வைசருக்குக் கீழே இருந்து பார்க்கிறவனுக்கு வி.எம்-ங்கறது ஒரு பைல். பைலை அழிக்க பாஸ்வேர்டு எதுக்கு?

தனிப் பெட்டின்னு நான் இப்ப அடம் பிடிக்கிறதுக்கு டிஸ்க் செத்துப்போறதைவிட இதுதான் பெரிய காரணம். தனி மெஷின், தனி ஆபரேட்டிங் சிஸ்டம், தனி யூசர் அக்கவுன்ட், காலேஜோட பொதுவான லாகின்ல சேராதது. முடிஞ்சா சர்வர் போய் பேக்கப்பைத் தள்ளாம, பேக்கப் பெட்டி வந்து இழுத்துக்கிற மாதிரி அமைக்கணும். அப்ப சர்வரை ஒருத்தன் பிடிச்சுட்டாலும் பேக்கப் பெட்டியோட சாவி அவன் கையில கிடைக்காது.

எங்க கையில என்ன ஆச்சுன்னா, சாவியைப் பெட்டிக்குள்ள வெச்சுப் பெட்டியைப் பூட்டினோம். உவமைக்குச் சொல்லலை. பேக்கப்போட என்கிரிப்ஷன் கீ, அதை எப்படி ரீஸ்டோர் பண்ணணும்னு நான் அழகா எழுதி வெச்ச குறிப்பு, எல்லாமே துறையோட விக்கியில இருந்தது. விக்கி எங்கே இருந்தது? நாலாவது வி.எம்-ல. இப்ப அந்தக் கீயை பேப்பர்ல பிரின்ட் எடுத்து எச்.ஓ.டி. ரூம் அலமாரியில வெக்கணும்னு எழுதிக் கொடுத்திருக்கேன். "பிரின்ட்டா, இந்தக் காலத்துலயா"ன்னு என் ரூம்மேட் சிரிக்கிறான். சிரிக்கட்டும்.

பணம். கடைசியில எல்லாம் அங்கேதானே வந்து நிக்குது. தனி பேக்கப் சர்வர்னா ரேக்ல ஏத்துற பெரிய மெஷின்னு நினைச்சுக்கிட்டுத்தான் நான் அன்னைக்கு 'வேண்டாம் சார்'னு சொன்னேன். அது தப்பு. பேக்கப் வேலைக்குப் பெரிய பிராசஸர் வேண்டாம். முதல் வருஷ லேப்ல மாத்திப்போட்ட பழைய டெஸ்க்டாப்புகள் ஸ்டோர் ரூம்ல தூசி தின்னுட்டு இருக்கு. அதுல ஒண்ணை எடுத்து, ரெண்டு புது டிஸ்க் போட்டு, ஒண்ணுல எழுதுறதை இன்னொண்ணுலயும் எழுதுற மாதிரி மிர்ரர் பண்ணிட்டா எங்க அளவுக்குத் தாராளம். சாப்ட்வேர் இலவசமாவே இருக்கு. 2020-ல வந்த ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வர் ஓப்பன் சோர்ஸ். அதை வி.எம்-லயும் போடலாம்தான், ஆனா நிஜ உபயோகத்துக்குத் தனி மெஷின்ல நேரடியா போடச் சொல்லி அவங்க ஆவணத்துலயே பரிந்துரை இருக்கு. நான் அதைப் படிக்காம யூடியூப் பார்த்துப் போட்டவன்.

"அதெல்லாம் எதுக்கு, நேரா கிளவுட்ல வெச்சிட்டா முடிஞ்சுதே"ன்னு கேட்கிறவங்க இருக்கீங்க, தெரியும். ஒரு சின்னக் கணக்கு போடுங்க. எங்க டேட்டா சுமார் 2 டெராபைட். லேப்புக்குள்ள ஒரு கிகாபிட் நெட்வொர்க்ல நிஜமா கிடைக்கிறது நொடிக்கு 110 மெகாபைட் மாதிரி. 2 டெராபைட்டைத் திரும்ப ஏத்த ஏறக்குறைய 5 மணி நேரம். காலைல போனா சாயங்காலத்துக்குள்ள லேப் நடக்கும். அதே டேட்டா கிளவுட்ல இருந்து 100 மெகாபிட் லைன்ல இறங்கணும்னா, நொடிக்கு 12 மெகாபைட், 46 மணி நேரம். அதுவும் லைன் கட்டாகாம, ஹாஸ்டல் பசங்க யாரும் மேட்ச் பார்க்காம இருந்தா. ரிவியூ வாரத்துல ரெண்டு நாள்னா என்னன்னு உங்களுக்கே தெரியும்.

அதுக்காக வெளியூர் காப்பி வேண்டாம்னு சொல்லலை. வேணும். தினசரி விபத்துக்கு லேப்ல இருக்கிற பெட்டி, பெரிய விபத்துக்கு வெளியூர்ல ஒரு நகல். ஒரே ஒரு விஷயம், வெளியூர்னா நிஜமாவே வெளியூரா இருக்கணும். மைக்ரோசாப்ட் அசூர் 2015 செப்டம்பர்ல இந்தியாவுல தொடங்கின மூணு மையங்கள்ல ஒண்ணு சென்னை, அதுக்கு 'சவுத் இந்தியா'ன்னு பேர். பேரைப் பார்த்து எங்கேயோ இருக்குன்னு நினைச்சுத் தேர்ந்தெடுத்தா, நாவலூர்ல பெய்யிற அதே மழைதான் அங்கேயும் பெய்யும். அவங்களே சென்னைக்கு ஜோடியா வெச்சிருக்கிறது புனேவை. நாமளும் அப்படி புனேவோ மும்பையோ ஹைதராபாத்தோ பார்த்து வெக்கணும். அங்கே எல்லாத்தையும் வெக்க வேண்டியதும் இல்ல. வி.எம். முழுசா எதுக்கு? திரும்ப உருவாக்கவே முடியாததை மட்டும் அனுப்பினா போதும். அந்த முட்டுக்காடு அளவீடுகள் மொத்தமே சில நூறு மெகாபைட்தான். ஒரு படப் பாட்டு வீடியோ அளவு.

தனிப் பெட்டிக்கு எதிரா லேப் அண்ணன் சொன்ன ஒரு விஷயம் மட்டும் எனக்கு இன்னும் உறுத்துது. "தம்பி, சாயங்காலம் அஞ்சரைக்கு நான் லேப் மெயினை ஆஃப் பண்ணிட்டுப் போவேன். சர்வர் ரூமுக்கு மட்டும்தான் தனி லைன். உன் பழைய கம்ப்யூட்டரை எங்கே வைப்பே?" யோசிச்சுப் பாருங்க, ராத்திரி 2 மணிக்குப் பேக்கப் ஓடணும், பெட்டி அஞ்சரைக்கே தூங்கிடும். வி.எம்-க்கு இந்தப் பிரச்சினையே கிடையாது. சர்வர் ரூம்லயே வெச்சா ஒரே அறை, ஒரே ஏ.சி., ஒரே தீ. என் பதில், எதிர் பிளாக்ல இருக்கிற லைப்ரரி. அங்கே நெட்வொர்க் ஸ்விட்ச் இருக்கிற சின்ன ரூமுக்கு 24 மணி நேர லைன் உண்டு, நடுவுல கேபிளும் ஏற்கெனவே ஓடுது. லைப்ரேரியன் மேடம் சம்மதிக்கணும். தூசி, கரப்பான் பூச்சி, சுத்தம் பண்ண வர்றவங்க பிளக்கைப் பிடுங்கிட்டு வேக்குவம் கிளீனர் சொருகுறது, இதெல்லாம் நிஜப் பெட்டிக்கு இருக்கிற நிஜ ஆபத்துகள். அதை மறைக்க மாட்டேன்.

இன்னொண்ணு, எந்தப் பக்கம் முடிவானாலும் நான் விட மாட்டேன். மாசம் ஒருதடவை யாராவது ஒருத்தர் ஒரு வி.எம்-ஐ பேக்கப்ல இருந்து எடுத்து ஓட விட்டுப் பார்க்கணும். கிட்லேப் நிறுவனத்துல 2017 ஜனவரி 31-ஆம் தேதி ராத்திரி ஒரு இன்ஜினியர் தப்பான சர்வர்ல டேட்டாபேஸ் போல்டரை அழிச்சிட்டார். கிட்டத்தட்ட 300 ஜி.பி. பரவாயில்ல, பேக்கப் இருக்கேன்னு போனா, ஒவ்வொண்ணா எடுத்துப் பார்க்கிறாங்க, அஞ்சு விதமான ஏற்பாட்டுல எதுவும் ஒழுங்கா வேலை செய்யலை. சாப்ட்வேர் வெர்ஷன் பொருந்தாததால தினசரி பேக்கப் ரொம்ப நாளா தோத்துக்கிட்டே இருந்திருக்கு. தோத்துப்போச்சுன்னு சொல்ல வேண்டிய மெயில்களை மெயில் சர்வர் ஏத்துக்காம திருப்பி அனுப்பியிருக்கு. யாருக்கும் வரலை. அவ்வளவு பெரிய இன்ஜினியர்களும் என்னை மாதிரியே வராத மெயிலைத் தேடலை. கடைசியில, அழிக்கிறதுக்கு ஆறு மணி நேரம் முன்னாடி வேற ஒரு சோதனைக்காக எடுத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் காப்பாத்துச்சு. நடந்தது அத்தனையையும் ஒளிக்காம அவங்களே எழுதி வெளியிட்டாங்க. இதை எழுதணும்னு எனக்குத் தைரியம் வந்ததே அதைப் படிச்சதாலதான்.

அந்த மாசாந்திரச் சோதனையை யார் செய்வாங்கன்னு கேட்பீங்க. இந்த ஏப்ரலோட நாங்க கிளம்பிடுவோம். மூணாம் வருஷப் பசங்கள்ல ரெண்டு பேர் வேணும். நெட்வொர்க்ஸ் பேப்பர்ல சென்டம் வாங்கியிருக்கணும்னு இல்ல. முதல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம், லைப்ரரி ரூம். ரேக்கைப் பார்த்து ஆரஞ்சு விளக்கு எரியுதான்னு எழுதி வெக்கிற நோட்டு ஒண்ணு தொங்கவிடப் போறேன். பேப்பர் நோட்டு, பேனா நூல்ல கட்டி.

கடைசியா ஒரு உதவி. இந்த மின்னிதழோட பழைய இதழ்கள் அந்த ஆறாவது வி.எம்-ல இருந்ததுன்னு சொன்னேன் இல்லையா. எடிட்டர் குழு இதுவரைக்கும் தேடினதுல, முன்னாள் மாணவர்களோட மெயில்ல இருந்தும் வாட்ஸ்அப் குரூப்ல இருந்தும் பதினோரு இதழ் திரும்பக் கிடைச்சிருக்கு. முதல் ரெண்டு வருஷத்து இதழ்கள் இன்னும் கிடைக்கலை. உங்க சீனியர் யார்கிட்டயாவது, பழைய பென்டிரைவ்லயோ போன்லயோ பி.டி.எஃப். இருந்தா அனுப்பச் சொல்லுங்க. அட்டைப்படம் இல்லாம இருந்தாலும் பரவாயில்ல.